வவுச்சர் இல்லாத வரவு

கட்டுரை கொடுக்க வேண்டிய கெடு தாண்டி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அந்த மாதிரி சமயத்தில் வரும் எந்த போனையும் எடுப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். எடுத்துவிட்டேன்.

"சார், நீங்க எங்கப்பாவைப் பேட்டி எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? திருவல்லிக்கேணில. அச்சுக் கோக்கறவர்."

இருந்தது. 2008-ம் வருஷம். ஒரு ஆள் பக்கவாட்டில் மட்டும் நடக்கக்கூடிய சந்து. அதன் கோடியில் ஓர் அச்சகம். ஊரே ஆஃப்செட்டுக்கு மாறிவிட்ட பிறகும் அங்கே ஈய எழுத்தில் பில் புத்தகமும் பால் கார்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொரு வருஷம் எழுத்துக் கோத்தவர் அவர். மூன்று மணி நேரம் பேசினார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் டைப் அடித்துக்கொண்டே இருந்தேன். பத்திரிகையில் வந்தது ஒரு பக்கம். அதிலும் பாதி போட்டோ.

"அப்பா போய் அஞ்சு வருஷமாச்சு சார். என் பொண்ணு தாத்தாவைப் பத்தி ஏதோ எழுதணும்கறா. அன்னிக்கு அவர் பேசப் பேச நீங்க அடிச்சிக்கிட்டே இருந்தீங்கன்னு சொல்லுவார். அது இருக்குமா சார்?"

"இருக்கும்மா. என்கிட்ட வந்தது எதுவும் தொலையாது. நாளைக்கே அனுப்பறேன்."

இந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பத்தொன்பது நாள் செலவு வைத்தது.

ஆணவத்துக்குக் காரணம் உண்டு. சேகரிப்பதில் நான் ஒரு பேராசைக்காரன். இருபது வருஷத்துக்கு மேலாக இணையத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிப் போட்டு வைத்திருக்கிறேன். உப்புச் சத்தியாக்கிரகம், உரத் தட்டுப்பாடு, உலகக் கோப்பை, ஒட்டகப் பால். எதற்கும் இருக்கட்டும் என்பதுதான் ஒரே விதி. இதற்காக வந்த மென்பொருள் ஒவ்வொன்றிலும் முதல் வாரமே குடிபோயிருக்கிறேன். டெலிஷியஸ் என்று ஒன்று 2003-ல் வந்தது. பிடித்த பக்கங்களின் முகவரியைக் குறிச்சொல் போட்டுச் சேர்த்து வைக்கலாம். பிறகு கூகுள் ரீடர். பிறகு கூகுள் நோட்புக். பிறகு எவர்நோட். நடுவில் மைக்ரோசாஃப்டின் ஒன்நோட். ஒவ்வொன்றுக்கும் மாறும்போது, இனிமேல் என் வாழ்க்கை ஒழுங்காகிவிடும் என்று மனைவியிடம் அறிவித்தேன். அவர் ஒவ்வொரு முறையும் "சரி" என்றார்.

இதையெல்லாம் வீடு என்று நினைத்திருந்தேன். எல்லாம் வாடகை வீடு. கூகுள் நோட்புக்கை 2012-ல் மூடினார்கள். ரீடரை 2013 ஜூலையில். டெலிஷியஸ் கை மாறிக் கை மாறி, 2017-ல் அதன் போட்டியாளரே அதை வாங்கி, இனிமேல் புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்று நிறுத்திவிட்டார். கட்டுரைகளைப் பிறகு படிக்கலாம் என்று சேர்த்து வைக்கும் பாக்கெட்டை மோசில்லா நிறுவனம் 2025 ஜூலையில் இழுத்து மூடியது. ஓனர் வந்து கதவைத் தட்டி, மாசக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்கிறார். நாம் பாத்திரம் பண்டங்களை ஆட்டோவில் ஏற்றுகிறோம். எதையாவது பரணில் மறந்துவிட்டுத்தான் வருகிறோம்.

பெரியவரின் பேட்டி அப்படி ஒரு பரணில்தான் இருந்தது. ஓர் இணைய நோட்டுப் புத்தகச் சேவை. பெயர் வேண்டாம். செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது. மூடுவதற்கு முன்னால் மூன்று மெயில் அனுப்பியிருந்தார்கள், பாவம். நான்தான் மூன்றாவதைக் கடைசி நாள் ராத்திரி படித்தேன். அவசர அவசரமாக எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டேன். அதைத் திறந்து பார்க்கவே இல்லை.

இப்போது திறந்தேன். மூவாயிரத்துச் சொச்சம் ஃபைல்கள். எதற்கும் பெயர் கிடையாது, நீள நீளமாக எண்கள். சரி, தேடுவோம் என்று திருவல்லிக்கேணி என்று அடித்தேன். ஒன்றும் இல்லை. அச்சு என்று தேடினேன். இல்லை. தமிழ் என்ற சொல்கூட மூவாயிரம் ஃபைலில் முப்பதில்தான் இருப்பதாகச் சொன்னது. என்னைப் பற்றி எவ்வளவோ பேர் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் தமிழே எழுதாதவன் என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அவர் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். மேஜைமேல் மரக்கட்டையில் நட்ட கம்பி ஒன்று நிற்கும். வருகிற ரசீதுகளை எல்லாம் அதில் குத்தி வைப்பார். மாசக் கடைசியில் உருவி, தேதிவாரியாக அடுக்கி, சணலால் கட்டி, மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் மாசத்தையும் வருஷத்தையும் எழுதிப் பரணில் போடுவார். மென்பொருள் அவ்வளவுதான். ஒரு தடவை விற்பனை வரி ஆபீசிலிருந்து ஆள் வந்து ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தவிட்டு வியாபாரத்தைக் கேட்டார். அப்பா ஏணியைப் போட்டு ஏறினார். காபி ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்தார். நான் பி.காம். சேர்ந்ததும் முதல் வாரம் பேராசிரியர் சொன்னதும் இதுதான். வவுச்சர் இல்லாத வரவைக் கடவுளே கொண்டுவந்து கொடுத்தாலும் பேரேட்டில் ஏற்றாதே. மூன்று வருஷப் படிப்பில் எனக்கு ஞாபகம் இருக்கிற ஒரே பாடம் அது. அதையும் நான் கடைப்பிடிக்கவில்லை.

எப்படிச் சொல்கிறேன் என்றால், தேடுகிற சாக்கில் மற்ற ஃபைல்களையும் பார்க்க வேண்டி வந்தது. "மெட்ராஸ் டிராம் 1953-ல் நின்றது" என்று ஒரு வரி. மிகச் சரி. யார் சொன்னது, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்? கிடையாது. இன்னொன்றில் ஒரு முகவரி மட்டும். அழுத்தினால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்கிறது. இது என் வீட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013-ல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவிகிதம் பத்து வருஷம் கழித்துக் கிடைக்கவில்லை. ஆக, முகவரியை மட்டும் சேர்த்து வைப்பது என்பது, ஆள் குடியிருக்கிறாரா என்று தெரியாத வீட்டின் கதவு எண்ணைக் குறித்து வைப்பது.

நான்காம் நாள், எனக்குத் தெரிந்த ஓர் ஆராய்ச்சி மாணவியைக் கூப்பிட்டேன். முனைவர் பட்டத்துக்காகப் பழைய பத்திரிகைகளைக் குடைந்துகொண்டிருக்கிற பெண். கஷ்டத்தைக் கேட்டுவிட்டு, வந்து உட்கார்ந்து, ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தாள். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து ஒரே கந்தரகோளம்.

"சார், இதை எந்த ஃபாண்ட்ல அடிச்சீங்க?"

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குப் பத்திரிகை ஆபீசில் பக்கம் வடிவமைத்த பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. ஆகவே ஆபீசில் எந்த எழுத்துருவோ அதில்தான் நானும் அடிப்பேன். அந்தக் காலத்தில் ஆளுக்கு ஓர் எழுத்துரு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கணக்கு. பாமினி வகை எழுத்துருவில் தமிழ் என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது தமிழ் அல்ல. ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஜே மேல் 'த' என்கிற சட்டையை மாட்டிக் காட்டுவதுதான் எழுத்துருவின் வேலை. சட்டை தொலைந்தால் ஜே மட்டும்தான் மிச்சம். யூனிகோடில் அப்படி இல்லை. 'த'வுக்கு உலகம் பூராவும் ஒரே எண். 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. நாம் போய் உட்காரத்தான் வருஷங்கள் பிடித்தன.

இதை அந்தப் பெரியவரிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டிருப்பார். அச்சுக்கூடத்தில் எழுத்துகள் அடுக்கியிருக்கும் மரப் பெட்டிக்கு கேஸ் என்று பெயர். எந்த அறையில் எந்த எழுத்து என்பது கைக்குத் தெரியும், கண் பார்க்காது. ராத்திரியோடு ராத்திரியாக யாராவது அறைகளை மாற்றி வைத்துவிட்டால்? கை தன் பாட்டுக்குப் போகும். வருவது வேறாக இருக்கும்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து சுலபம். ஜே கே பி ஓ அரைப்புள்ளி என்று தேடினோம். கொட்டியது. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் சின்ன மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தப் பெண் மொத்தமாகப் போட்டு மாற்றினாள். ஆனால் எல்லா ஃபைலும் ஒரே எழுத்துருவில் இல்லை. நான் மூன்று பத்திரிகை மாறியிருக்கிறேன் அல்லவா. மூன்று கேஸ்.

மாற்றல் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், "நீ எப்படி வச்சிருக்கே?" என்று அவளிடம் கேட்டேன். தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ஸோட்டரோ. 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் சரித்திரக்காரர்கள் ஆரம்பித்த இலவச மென்பொருள். இணையத்தில் ஒரு கட்டுரையைப் படிக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் எழுதியவர் பெயர், தலைப்பு, வெளியான தேதி, நாம் பார்த்த தேதி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றையும் நம் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடுகிறது. நாளைக்கு அந்தத் தளம் காணாமல் போனாலும் நகல் நம்மிடம். அப்பாவின் கம்பிதான். குத்தும்போதே தேதியும் விழுந்துவிடுகிறது. தமிழ்த் தளங்கள் பலவற்றில் பெயரும் தேதியும் தானாக வருவதில்லை, நாமே கையால் நிரப்ப வேண்டியிருக்கிறது. முப்பது விநாடி வேலை. அந்த முப்பது விநாடியைத்தான் நான் இருபது வருஷமாக மிச்சம் பிடித்திருக்கிறேன்.

அதோடு இன்னொரு காப்பும் வைத்திருக்கிறாள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்பது ப்ரூஸ்டர் கேல் 1996-ல் ஆரம்பித்த டிஜிட்டல் நூலகம். அதன் வேபேக் மெஷினில் ஒரு முகவரியைக் கொடுத்தால் அந்தப் பக்கத்தின் பழைய நகல்கள் இருந்தால் தேதிவாரியாகக் காட்டும். இல்லையென்றால் இன்றைய நகலைச் சேமித்து வைக்கச் சொல்லலாம். அதையே நம்பி உட்காரவும் முடியாது. 2024 அக்டோபரில் யாரோ தாக்குதல் நடத்தி, சில நாள் அந்தத் தளமே இயங்கவில்லை.

"இதெல்லாம் ரசீது சார். யோசனை வேற" என்றாள். யோசனைக்குத் தனியாக ஒரு ஃபோல்டர். ஆப்சிடியன் என்கிற மென்பொருள் வழியாக எழுதுகிறாள். 2020-ல் வந்தது. என்ன விசேஷம் என்று பார்த்தால், ஒன்றுமே இல்லாததுதான் விசேஷம். எழுதுவது எல்லாம் சாதாரண எழுத்து ஃபைலாக நம் ஃபோல்டரில் நம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்த நிறுவனமே நாளைக்குக் கடையைக் கட்டினாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்கு வழி போட்டுக்கொள்ளலாம்.

இந்த வழி போடுகிற யோசனை பழசு. அமெரிக்க விஞ்ஞானி வானிவர் புஷ் 1945 ஜூலையில் அட்லாண்டிக் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மேஜை. உள்ளே மைக்ரோ ஃபிலிமில் ஒருவருடைய புத்தகங்கள், கடிதங்கள், குறிப்புகள் எல்லாம். ஒன்றைப் படிக்கும்போது இன்னொன்றோடு முடிச்சுப் போடலாம், முடிச்சைப் பிடித்துத் திரும்பி வரலாம். மெமெக்ஸ் என்று பெயர் வைத்தார். கடைசிவரை யாரும் அந்த மேஜையைச் செய்யவில்லை.

மேஜையே இல்லாமல் செய்து காட்டியவர் ஒரு ஜெர்மானியர். நிக்லாஸ் லூமன். சமூகவியல் அறிஞர். சட்டம் படித்து அரசு ஆபீசில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு பேராசிரியர் ஆனவர். சுமார் தொண்ணூறாயிரம் துண்டு அட்டைகள் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இருபத்தொன்றாம் அட்டையிலிருந்து ஒரு யோசனை கிளைத்தால் அதற்கு இருபத்தொன்று அ. அதிலிருந்து கிளைத்தால் அ ஒன்று. தலைப்புவாரியாக அடுக்கும் வேலையே கிடையாது. எங்கே படித்தது என்கிற விவரத்துக்குத் தனி அட்டைகள். இந்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஐம்பதுக்கு மேல் புத்தகம் எழுதிவிட்டு 1998-ல் காலமானார். பெட்டிகள் இப்போது அவர் பாடம் நடத்திய பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்திடம் இருக்கின்றன.

"தொண்ணூறாயிரமா? என்கிட்டயும் பதினோராயிரம் இருக்கு" என்றேன், லூமனுக்குத் தம்பி மாதிரி.

"அவர் கட் பண்ணி ஒட்டலை சார். படிச்சதைத் தன் வார்த்தைல எழுதினார். நீங்க சேத்து வச்சதுல எத்தனையைத் திரும்பிப் படிச்சீங்க?"

பேச்சை மாற்றினேன். சேர்த்து வைத்தாலே படித்த மாதிரி ஒரு நிறைவு வந்துவிடுகிறது. புடவைக் கடையில் துணி எடுத்து பில்லைப் போட்ட உடனே தைத்துப் போட்டுக்கொண்ட மாதிரி. இப்போது நமக்காகப் படித்துச் சுருக்கிச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. கூகுளின் நோட்புக் எல்.எம்.மில் நம் ஆவணங்களைப் போட்டுக் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறது, பதில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றும் காட்டுகிறது. வவுச்சர் காட்டுகிற குணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் எழுதாமல் விட்டதை அதனிடம் கேட்க முடியாது. அது எனக்குப் பத்தொன்பதாம் நாள் தெரிந்தது.

பத்தொன்பதாம் நாள் ராத்திரி அந்த ஃபைல் கிடைத்தது. மூன்றாவது எழுத்துருவில் இருந்தது. நாலரைப் பக்கம். படிக்கப் படிக்க ஈயமும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த அச்சகத்து வாசனையே வந்துவிட்டது. எழுத்தை இடவலமாகத் திருப்பிப் படித்தே பழகி, கடைப் பலகையை நேராகப் படிக்க ஒரு கணம் தடுமாறுவாராம். தேர்தல் வந்தால் மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் நோட்டீஸுக்கு எழுத்துக் கோத்திருக்கிறார். ஒரு கட்சியின் நோட்டீஸுக்கு 'வெ' தீர்ந்துபோய், பக்கத்து அச்சகத்தில் கைமாற்றாக வாங்கி வந்திருக்கிறார். அதை வைத்து அந்தக் கட்சி வெற்றி பெற்றதா என்று நான் கேட்டதும் பதிவாகியிருக்கிறது. பதில் இல்லை. சிரித்திருப்பார்.

நான்காம் பக்கத்தின் கடைசியில் இந்த வரி இருந்தது.

"மகள் கல்யாணப் பத்திரிகை. தானே கோத்தார். ஒரு ராத்திரி. அந்தத் தப்பு. (முக்கியம். அப்புறம் விரிவாக எழுதணும்.)"

அவ்வளவுதான். என்ன தப்பு? யார் செய்தது? பத்திரிகையில் எழுத்துப் பிழை விழுந்துவிட்டதா? நாற்பத்தொரு வருஷம் ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் கோத்தவர் தன் வீட்டுக் கல்யாணத்தில் எதையாவது மாற்றிக் கோத்துவிட்டாரா? அவர் முழுசாகச் சொல்லியிருக்கிறார். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். முக்கியம் என்று தெரிந்திருக்கிறது. அப்புறம் என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். மறுநாள் எழுதியிருக்க வேண்டும். மறுநாள் என்ன வேலை பார்த்தேன் என்று பார்த்தேன். அன்றைய தேதியில் பதினேழு இணையப் பக்கங்களைச் சேமித்திருக்கிறேன். அதில் ஒன்று ஒட்டகப் பால்.

காலையில் அந்த அம்மாவுக்கு போன் செய்தேன். கிடைத்துவிட்டது என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு நாலரைப் பக்கத்தையும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். 'வெ' கதைக்குச் சிரித்தார். கடைசி வரியைத் தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வாசித்துவிட்டேன்.

"என் கல்யாணப் பத்திரிகையா? அதுல தப்பு ஒண்ணும் இல்லையே சார். வீட்ல இன்னும் இருக்கே. அவர்தான் கோத்தார்னுகூட எனக்குத் தெரியாது. கடைல குடுத்ததா இல்ல சொன்னார்..." என்றார். கொஞ்சம் பொறுத்து, "என்ன தப்புன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இல்லம்மா" என்றேன்.

போனிலேயே இரும்புப் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பத்திரிகையை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஊர், நட்சத்திரம், லக்னம், முகூர்த்த நேரம், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி பேர்கள். எல்லாம் சரியாக இருந்தன. நான் இந்தப் பக்கம் ஒரு புது ஃபைலைத் திறந்து, மேலே தேதி போட்டு, யார் சொன்னது என்று போட்டு, அவர் படித்ததை அடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை யூனிகோடில்.

"ஒருவேளை ராத்திரி தப்பாக் கோத்து, விடியறதுக்குள்ள பிரிச்சு மறுபடி கோத்திருப்பாரோ என்னவோ" என்றார். அதையும் அடித்தேன். அவருடைய ஊகம் என்று பக்கத்தில் குறித்தேன்.

"சரி சார். அந்த நாலரைப் பக்கத்தை அனுப்பிடுங்க."

"மெயில் ஐ.டி. சொல்லுங்கம்மா."

"மெயில்லாம் வேண்டாம் சார். பேப்பர்ல எடுத்து அனுப்புங்க. பத்திரிகையோட சேத்து பீரோல வச்சிடறேன்."